இருபத்தேழாவது மடிப்பு

— இன்னா புள்ளே இது? புத்தகமா, கல்லடி பட்ட காக்காவா? முதுகு தனியா தொங்கிகினு கீது.

— செவுத்துல வீசிட்டாங்கக்கா.

— யாரு, உன் மாமியாரா?

— ஆமாம். சாயங்காலத்துக்குள்ள வாசகசாலையில திருப்பிக் குடுக்கணும். பாய் இல்லையா?

— அவரு ஆவடிக்குப் போயிகீறாரு. பட்டாளத்து டிப்போவுல நோட்டுங்க பைண்டு பண்ற வேலை. நீ உள்ள வா தாட்சாயிணி, திரைக்கு அந்தாண்டையே நின்னுகினு இருந்தா எப்படி? முதுகு ஒட்டறதுதானே, நானே ஒட்டித் தர்றேன். பசை கரைச்சு வெச்சிகீறேன். உன் கண்ணு இன்னா, அழுதியா?

— இல்லக்கா.

— இல்லன்னு சொல்றவ மூக்கு ஏன் செவந்து கீது?

— தூசி.

— சரி, தூசி. உன் மாமியா எல்லம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது, என்னை மாதிரிதான். புத்தகத்து மேல அவங்களுக்கு இன்னா விரோதம்?

— கொழுந்தன் படிச்சுக் காட்டினாரு. ஒரே ஒரு அத்தியாயம். அது முடிஞ்சதும் அவரு கையிலிருந்து புடுங்கி வீசிட்டாங்க. நாளன்னிக்கு அமாவாசை. அன்னிக்கே காரியம் பண்ணிடறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க.

— காரியமா? யாருக்கு?

— அவருக்கு.

— யா அல்லா! உன் புருசன் லோகநாதனுக்கா? பினாங்குலருந்து கடுதாசி வந்துச்சுன்னு போன மாசம்தானே உங்க ஊட்ல வெல்லம் குடுத்தாங்க! நானும் ஒரு துண்டு தின்னேனே!

— வந்தது. அந்தக் கடுதாசியாலதான் இப்ப காரியம்.

— எனக்கு ஒண்ணும் புரியல. உக்காரு. மொதல்லருந்து சொல்லு. நான் பாட்டுக்கு அந்து போன நூலைத் தச்சுகினு இருக்கேன்.

— ஜப்பான்காரன் பினாங்கைப் புடிச்சு ஒண்ணரை வருஷம் ஆகுது. அதுவரைக்கும் அவரு தகவல் ஒண்ணும் இல்ல. போன மாசம் செஞ்சிலுவைக்காரங்க மூலமா இத்தனூண்டு காகிதம். இங்கிலீஷ்ல டைப் அடிச்சது. இருபத்தஞ்சு வார்த்தைக்கு மேல விட மாட்டாங்களாம். எந்த ஊரு, என்ன வேலை, எதுவும் எழுதக் கூடாதாம்.

— இன்னா எழுதிகீறாரு?

— ‘சௌக்கியம். அம்மாவிடம் சொல்லவும். நம்ம புத்தகத்தில் இருபத்தேழாவது அத்தியாயம் படி. நான் அங்கே இருக்கிறேன். லோகநாதன்.’ அவ்வளவுதான்.

— எந்தப் புத்தகம்?

— ‘வெள்ளி நாரைத் தீவு.’ அவரு வேற எந்தக் கதையையும் ரெண்டு தரம் படிச்சதில்ல. கொழுந்தனும் அதான் சொன்னாரு. ‘நம்மன்னா வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான் அண்ணி, இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க’ன்னாரு. உங்களுக்கு ஞாபகம் இல்லையாக்கா? பாய்தான் பைண்டு பண்ணிக் குடுத்தாரு. வாரப் பத்திரிகையில தொடர்கதையா வந்தப்ப அவரு வாராவாரம் கிழிச்சு சேர்த்து வெச்சாரு. நாப்பது வாரம். எங்க கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி குடுத்து… என்னக்கா?

— ஒண்ணும் இல்ல. ஊசி குத்திடுச்சு.

— ரத்தம் வருது.

— வரட்டும். நீ சொல்லு. அந்த பைண்டு எங்க இப்போ?

— பினாங்குக்குக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு. அதனாலதான் வாசகசாலையில தேடிப் புடிச்சு மூணு நாள் முன்னாடி இந்த அச்சுப் புத்தகத்தக் கொழுந்தன் வாங்கியாந்தாரு. எல்லாரும் சுத்தி உக்காந்தோம். அத்தை விளக்கெல்லாம் ஏத்தினாங்க, புள்ள பேசப் போறான்னு. இருபத்தேழுன்னு போட்டிருந்த பக்கத்த எடுத்துப் படிச்சாரு.

— அதுல இன்னா வருது?

— நீங்க ஒட்டுற பக்கத்துக்கு ரெண்டு பக்கம் முன்னாடி. குடுங்க, படிக்கிறேன். ‘வீரகேதுவின் தலை முழுவதும் நரைத்திருந்தது. அவன் கரையில் நின்று வெள்ளி நாரையைக் கூப்பிட்டான். நாரையே, என் ஊருக்குப் பற. அவளிடம் சொல். விளக்கைத் தணித்துவிடட்டும். கதவைச் சாத்திவிடட்டும். எனக்காக இனி யாரும் காத்திருக்க வேண்டாம். நான் கடலோடு கடலாகிவிட்டேன்.’

— போதும், போதும். மூடு அத.

— இதுக்கு மேல படிக்க அத்தையும் விடல. ‘எம்புள்ளயே சொல்லிட்டான், இனிமே இன்னா’ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. அதுக்கு முந்தின வாரம் அவங்களுக்கு ஒரு கனா. அவரு ஈரத் துணியோட வாசல்ல நின்னு தண்ணி கேட்டாராம். ரெண்டையும் சேர்த்துட்டாங்க. ‘நான் காரியம் பண்ணாம இருந்தா எம்புள்ள தாகத்தோடயே அலைவான்’னு சொல்றாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் வரல. அவங்களும் மூணு நாளா சாப்பிடல.

— நீ இன்னா சொன்னே?

— என்ன சொல்றது? அவரு எழுதினதுதானே. இப்ப அத்தை பஜார்ல எள்ளு வாங்கிட்டு இருக்காங்க. நான் புத்தகத்த ஒட்டிட்டு வர்றேன்னு வந்தேன். வாங்கிட்டு இங்கதான் வருவாங்க. சேர்ந்து போகணும்.

— உனக்குத் தோணுதா? உனக்கு, உன் நெஞ்சுக்கு? செத்துட்டாருன்னு?

— தெரியலக்கா. நான் அந்தக் கதையத்தான் மூணு நாளா திரும்பப் படிச்சேன். முதல் பக்கத்துலருந்து கடைசி வரைக்கும். அவரு அதுல எங்கயாவது இருப்பாருன்னு.

— இருந்தாரா?

— இல்ல. அதான் பயமா இருக்கு.

— அப்படின்னா?

— அப்ப அவரு வாசிப்பாரு, நான் முருங்கக்கீரை உருவிட்டு இருப்பேன். தீவு வந்ததும் கை நின்னுடும். காம்பும் எலையும் ஒண்ணா கலந்துடும். அப்புறம் அத்தைகிட்ட திட்டு. வாரத்துக்கு ரெண்டு தரம் அந்தத் தீவையே வாசிக்கச் சொல்வேன். ஒவ்வொரு தரமும் எனக்கு அழுகை வரும், அழுது முடிச்சதும் பசிக்கும். இப்ப அதே வார்த்தைங்க. அதே நாரை. அதே ராட்சசி. ஒண்ணும் ஆகல. கஞ்சி ஆறிப் போன மாதிரி. கதை செத்துப் போச்சா, எனக்குள்ள ஏதாவது செத்துப் போச்சான்னு தெரியல. அவரு இல்லைங்கறது மனசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோன்னு…

— சீ, வாய மூடு.

— மூளையும் சரியில்லக்கா. எல்லாம் கலைஞ்சு போய் ஞாபகத்துல இருக்கு.

— எப்படிக் கலைஞ்சு?

— சொன்னா சிரிப்பீங்க.

— நான் சிரிக்கிற மாதிரியா கீறேன்? சொல்லு.

— எனக்கு ஞாபகம் இருக்கறது இப்படி. அந்தத் தீவுல காலம் பின்பக்கமா ஓடும். அதுதான் அங்கத்து மந்திரம். கப்பல் உடையுதா, அடுத்த அத்தியாயத்துல வீரகேது தீவ விட்டுக் கிளம்புறான், கெழவனா. அப்புறம் நாரைகிட்ட விடை சொல்றான். அதுக்கப்புறம் ராட்சசியோட சமையல்கட்டு. வர வர நரை போயி முடி கறுத்துக்கிட்டே வரும். கடைசியில தீவுல வந்து எறங்குறான், பதினெட்டு வயசுப் பையனா. அதுக்கு அடுத்தது ஊர் வாசல். ‘காத்திருக்காதேன்னு சொன்னவன் அதுக்கப்புறம்தான் தாட்சா வந்து சேர்றான்’னு அவரு சொல்வாரு. அந்த எடத்துலதான் எனக்கு அழுகை.

— இந்த அச்சுப் புத்தகத்துல?

— அப்படி ஒண்ணும் இல்ல. வந்து எறங்குறான், கெழவனாகுறான், கிளம்புறான். எல்லாரும் போற மாதிரி. ரெண்டு வருஷத்துல ஒரு கதைய இப்படித் தலைகீழா மறப்பாங்களாக்கா?

— தாட்சாயிணி.

— ம்.

— எழுந்து அந்தக் கதவைச் சாத்து.

— ஏன்க்கா?

— சாத்து, சொல்றேன். தாப்பா போட வேணாம், சாத்தினா போதும். இங்க வந்து உக்காரு. நீ மறக்கல புள்ளே. உன் மூளைக்கு ஒண்ணும் வரல. அது நான் பண்ணது.

— எது?

— அந்தத் தீவு.

— நீங்களா?

— அந்த பைண்டு வேலை வந்தப்போ எங்க ஊட்டுக்காரருக்குக் குளிர் காய்ச்சல். நாப்பது வாரத்துக் காகிதம், வாரத்துக்கு ஒரு அத்தியாயம், அது ஒரு மடிப்பு, ஆக நாப்பது மடிப்பு. பத்துப் பத்தா நாலு கட்டு. மொதல் ரெண்டு கட்டு அவரு தச்சாரு. மூணாவது கட்ட எடுக்கும்போது உதறிகினு பாயில படுத்துட்டாரு. லோகநாதன் அன்னிக்கு சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருந்தாரு. சரி, நான் தச்சிடறேன்னு உக்காந்தேன். நோட்டு தச்சிகீறேன், வெள்ளை நோட்டு. எழுத்து இருக்கற புத்தகம் நான் தனியா தச்சது அதான் மொதல் தரம்.

— ம்.

— எனக்கு அரபி ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது, நம்பரும் தெரியாது. எங்க கிதாபு எந்தப் பக்கம் தொறக்கும்? வலப்பக்கம். மொதல் மடிப்பு வலப்பக்கம்தான வரணும்? நான் சின்ன வயசுலருந்து புத்தகம்னா அப்படித்தான் பாத்துகீறேன். வலப்பக்கத்துலருந்து ஒவ்வொண்ணா வெச்சு, பத்தையும் அழகா தச்சு முடிச்சேன். ஒரு மடிப்பு கோணல் இல்ல. ஜோரா தச்சிகீறேன்னு எனக்கே பெருமை.

— பத்தும் தலைகீழா.

— பத்தும். நாலாவது கட்டு அவரு எழுந்து தச்சாரு. எல்லாத்தயும் சேத்து ஒட்டி, முதுகுக்குக் காலிகோ துணி போட்டு, ஓரம் வெட்டக் கத்தியில வெக்கும்போதுதான் பாத்தாரு. இருபதாவது மடிப்பு முடிஞ்சு முப்பதாவது வந்து நிக்குது. ‘அடி மஹ்பூபா, இன்னாடி பண்ணிட்டே’ன்னாரு. அதே நேரம் வாசல்ல லோகநாதன். ‘பாய், ஆச்சா?’

— அப்புறம்?

— பிரிச்சுத் தைக்க நேரம் எங்க கீது? தைச்ச காகிதத்தப் பிரிச்சா கிழியும் வேற. அவரு கத்திய ஒரு விரல் கூடவே கீழ எறக்கி, எல்லாப் பக்கத்துத் தலையையும் வெட்டிட்டாரு. பக்க நம்பரு, அத்தியாய நம்பரு, எல்லாம் குப்பையில. ‘கத்தி வழுக்கிடுச்சு தம்பி, தலை கொஞ்சம் கூடப் போயிடுச்சு’ன்னு சொல்லி கையில குடுத்துட்டாரு. அந்த மனுசன் ‘பரவால்ல பாய்’னு வாங்கிகினு போனாரு. நாலு வருஷமா உன்கிட்ட சொல்லாம வெச்சிகீறேன். உன்னைப் பாக்கும்போதெல்லாம் சொல்லிடலாம்னு தோணும்.

— அதனாலதான் அவரு பென்சிலால நம்பர் போட்டாரு.

— இன்னா நம்பரு?

— அத்தியாயத்துக்கெல்லாம். தலைப்புல நம்பர் இல்லைன்னு ஒவ்வொரு மூலையிலும் வட்டம் போட்டு ஒண்ணு, ரெண்டுன்னு அவரே எழுதினாரு. நான்தான் பென்சில் சீவிக் குடுத்தேன்.

— கோவிச்சுக்காதே புள்ளே. வெளிய சொன்னா எங்க பொழப்பே போயிடும். எழுத்து தெரியாதவ பைண்டு பண்றான்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? இன்னொண்ணும் கீது… வேணாம், அது வேற. அது வாக்கு.

— அப்ப அந்தத் தீவுல காலம் பின்பக்கமா ஓடலையா?

— எந்தத் தீவுல ஓடும்?

— கதை எழுதினவரு அப்படி நெனைக்கவே இல்ல.

— அவரு நெனைக்கல. எங்க ஊட்டுக் கூடத்துல ஓடிச்சு, அவ்ளோதான். ஏன் அப்படிப் பாக்கறே? திட்டணும்னா திட்டிடு. ஒரு வார்த்த திட்டினா எனக்கும் தேவல.

— திட்டலக்கா. யோசிக்கிறேன். அங்க வெட்டின காகிதம் கிடக்கே, அதுல பத்துத் துண்டு குடுங்க.

— இந்தா. எதுக்கு?

— எண்ணுங்க, சரியா பத்து.

— ஏழு, எட்டு, ஒம்பது, பத்து. நம்பர்தான் தெரியாதுன்னேன், எண்ணத் தெரியும்.

— இப்ப ஒவ்வொண்ணுலயும் எழுதறேன். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு… முப்பது. இது அச்சுல இருக்கற நம்பர். இதுதான் அந்த மூணாவது கட்டுன்னு வெச்சுக்குங்க. அன்னிக்குத் தச்ச மாதிரியே இப்ப தரையில வைங்க.

— அன்னிக்கு மாதிரியா? மொதல் மடிப்பு இந்தா, வலக்கைப் பக்கம். அடுத்தது அதுக்கு இந்தாண்ட. அடுத்தது. இப்படி. ஆச்சு. பாத்தியா, இப்பவும் எனக்கு இதுதான் சரின்னு தோணுது.

— இப்ப நான் எங்க பக்கத்துலருந்து எண்ணுறேன். இடக்கைப் பக்கத்துலருந்து, அவரு பென்சில் போட்ட மாதிரி. இருபத்தொண்ணுன்னு அவரு போட்ட எடத்துல முப்பது இருக்கு. இருபத்திரெண்டுல இருபத்தொம்பது. இருபத்திமூணுல இருபத்தெட்டு. இருபத்திநாலுல… இருபத்தேழு. நாரைகிட்ட விடை சொல்றது இருபத்திநாலாவதா வந்திருக்கு.

— அப்ப அவரு சொல்ற இருபத்தேழு அது இல்லையா?

— இருங்க. அஞ்சு, ஆறு… ஏழு. இது. இந்தத் துண்டு.

— இன்னா போட்டுகீது அதுல?

— இருபத்திநாலு.

— அச்சுப் புத்தகத்துல இருபத்திநாலு இன்னா? பாரு சீக்கிரம். பசை காயட்டும், பரவால்ல, பிரி. குடு நான் பிரிக்கறேன். எந்தப் பக்கம்?

— இதான்க்கா. ‘அண்டாவாயியின் சமையற்கட்டு.’

— ராட்சசியா?

— ஆமாம். நல்ல ராட்சசி.

— படி. சத்தமா படி. எனக்கும் கேக்கணும், நான் தச்சது இன்னான்னு.

— ‘அண்டாவாயி அவனை இரண்டு விரலால் தூக்கி உப்புச் சாடிக்குள் விட்டாள். குட்டி, வெளியே அரசனின் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். அவர்கள் கண்ணில் நீ பட வேண்டாம். சண்டை ஓயும்வரை இங்கேயே இரு, பூண்டு உரி, கஞ்சி குடி என்றாள். ஒரு பூண்டுப் பல்லை உரிக்க வீரகேதுவுக்கு ஒரு பகல் பிடித்தது. பாதியில் தூங்கிப்போனான். அண்டாவாயி அவனைத் திட்டவில்லை; தன் முந்தானையால் மூடினாள். அவனுக்குப் பசி இல்லை. பயமும் நாளாக நாளாகக் குறைந்தது. ஊர் நினைப்பு மட்டும் உப்பைப் போல எல்லாவற்றிலும் கலந்திருந்தது. சாடிக்குள் நின்றபடி அவளுக்குச் சொல்லிப் பார்த்தான். கதவைச் சாத்தாதே. சண்டை முடிந்ததும் வருகிறேன்.’

— அல்லாவே… சண்டை முடிஞ்சதும் வர்றேன்னா? அப்படியே போட்டுகீதா?

— அப்படியே இருக்கு.

— இன்னொரு வாட்டி படி அந்த எடம்.

— ‘கதவைச் சாத்தாதே. சண்டை முடிந்ததும் வருகிறேன்.’ அக்கா, அவரு எங்கயோ சமையல்கட்டுல இருக்காரு. ஒளிச்சு வெச்சு சோறு போடறாங்க யாரோ. அத எழுத முடியாம இத எழுதியிருக்காரு. அக்கா…

— அழு, அழு. மடியில சாஞ்சு அழு. அந்தத் துண்டுங்க மேல மட்டும் கண்ணீர் விடாதே, கலைஞ்சிடும்.

— எனக்குப் பசிக்குதுக்கா.

— இன்னா?

— மூணு நாளா பசிக்கவே இல்ல. இப்ப பசிக்குது.

— இந்தா, பொரிகடலை கீது. தின்னுகினே அழு. யாரோ வர்றாங்க போல கீது, மூக்கத் தொடை.

— அடியே தாட்சாயிணி! கதவைச் சாத்திகினு உள்ள இன்னா பண்றே? ரோட்ல பட்டாளத்து லாரிங்க வரிசையா போவுது, புழுதி கண்ண மறைக்குது, நான் எள்ளு மூட்டைய வெச்சுகினு வாசல்ல நிக்கறேன்!

— அத்தை, உள்ள வாங்க.

— இன்னாடி இது? தரையெல்லாம் குப்பை. வாயில இன்னா, பொரிகடலையா? நாளன்னிக்குக் காரியம் வெச்சுகினு பொரிகடலை மெல்றியா?

— எல்லம்மாக்கா, அந்த மூட்டைய மொதல்ல கீழ வைங்க. இப்படி உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதும் என்னை அடிக்கணும்னா அடிச்சுக்கலாம்.

— பாய் ஊட்டம்மா, உன்னை நான் எதுக்கு அடிக்கப் போறேன்?

— உங்க மவன் புத்தகத்த நான் தப்பா தச்சுட்டேன். பத்து அத்தியாயம் பின்னாலருந்து முன்னால போகுது.

— அதுக்கின்னா இப்போ? எம்புள்ளயே போயிட்டான், புத்தகம் எப்படிப் போனா இன்னா?

— அத்தை, போகல. இங்க பாருங்க. அவருகிட்ட இருக்கற புத்தகத்துல இருபத்தேழு வேற. நாரை இல்ல. சமையல்கட்டு. சாப்பாடு போடறாங்க, ஒளிச்சு வெச்சிருக்காங்க, சண்டை முடிஞ்சதும் வருவேங்கறாரு. படிக்கிறேன், கேளுங்க.

— எத்தினி வாட்டிடி படிப்பீங்க? ஒருத்தன் படிச்சான், சாவுன்னான். நீ படிக்கறே, சோறுங்கறே.

— ஒரு வாட்டி கேளுங்க அத்தை. அஞ்சு வரிதான்.

— சரி. படி.

— ‘… குட்டி, சண்டை ஓயும்வரை இங்கேயே இரு, பூண்டு உரி, கஞ்சி குடி என்றாள்…’

— பூண்டா? எம்புள்ளயா? அவனுக்கு அடுப்பு பத்த வெக்கவே வராதே. வெந்நி வெக்கச் சொன்னா அண்டாவ ஓட்டை பண்ணுவான்.

— கத்துகினு இருப்பாரு எல்லம்மாக்கா. ஒண்ணரை வருஷம் ஆச்சே.

— ‘… பாதியில் தூங்கிப்போனான்…’

— அது அவன்தான். அது மெய்யாலுமே அவன்தான். சோத்துத் தட்டு முன்னாடி தூங்கற பய.

— ‘… கதவைச் சாத்தாதே. சண்டை முடிந்ததும் வருகிறேன்.’ அவ்வளவுதான் அத்தை.

— மாங்காட்டுத் தாயே. இந்தச் சொல்லு நெசமா இருக்கணும். இரு, இரு. என்னை அழ வெக்காதே, நான் யோசிக்கணும். ரெண்டு இருபத்தேழு கீது. ஒண்ணுல எம்புள்ள கடலுக்குள்ள போறான். ஒண்ணுல கஞ்சி குடிக்கிறான். கஞ்சி குடிக்கிறது எனக்குப் புடிச்சிருக்குன்னு அத எடுத்துக்கலாமா? அவன் எதைச் சொன்னான்னு யாரு கண்டா?

— அவருகிட்ட இருக்கறது இவங்க தச்ச புத்தகம்தான் அத்தை. அந்த நம்பர்தானே தெரியும்.

— அச்சுப் புத்தகம் எப்போ வந்துச்சு?

— அவரு கப்பலேறினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. உள்ள தேதி போட்டிருக்கு.

— அப்ப அவன் அதையும் பாத்திருப்பான். அந்தக் கதைய உசுரா நெனைக்கறவன், புதுசா அச்சுல வந்தா பாக்காமயா இருப்பான்? நம்ம ஊட்ல இருக்கறவங்க கைக்கு அச்சுப் புத்தகம்தான் கிடைக்கும்னு தெரிஞ்சு, அந்த நம்பர எழுதியிருந்தா? நான் எள்ளத் தூக்கிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போய் குந்திக்கறேன், எம்புள்ள தாகத்தோட அலையறான்னா? சொல்லுடி.

— அத்தை, அந்த எள்ளு மூட்டைய என்கிட்ட குடுங்க.

— எனக்கு மட்டும் அவன் உசுரோட இருக்கணும்னு ஆசை இல்லையா? பெத்தவ நான். ஆசைய நம்பி அவனைத் தண்ணி இல்லாம விட மாட்டேன். எழுந்திரு, போலாம்.

— எல்லம்மாக்கா, நில்லுங்க.

— இன்னா?

— நீங்க சொல்றது சரி. உங்க மவன் அச்சுப் புத்தகத்தப் பாத்தாரு.

— அக்கா!

— பாத்தாரு தாட்சாயிணி. அதான் அந்த வாக்கு. உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு குடுத்த வாக்கு. கப்பலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது இங்க வந்தாரு. ஒரு கையில நான் தச்சது, ஒரு கையில அச்சுல வந்தது. எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கும் ஊட்ல இல்ல. திரைக்கு அந்தாண்ட நின்னுகினு, ‘அக்கா, மூணாவது கட்டு தச்சது யாரு’ன்னாரு. நான்தான் தம்பின்னேன்.

— அப்ப ரெண்டும் தெரிஞ்சவன்! இன்னும் மோசமாச்சே! ரெண்டும் தெரிஞ்சவன் கடுதாசியில ‘நம்ம புத்தகம்’னு எந்த இருபத்தேழச் சொன்னான்?

— அத்தை, கொஞ்சம் இருங்க. அக்கா, அவரு கோவமா இருந்தாரா?

— கோவமா? சிரிச்சாரு புள்ளே. திரை ஆடற மாதிரி சிரிச்சாரு. நான்தான் அழுதுகினு, ‘பிரிச்சு சரியா தச்சுத் தர்றேன் தம்பி, ஒரு நாள் குடுங்க’ன்னேன். ‘தொடாதீங்க, தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்’னாரு. ‘தாட்சாயிணிகிட்ட சொல்லிடாதீங்க, அவ இந்தத் தீவத்தான் நம்பிகினு கீறா’ன்னு கெஞ்சினாரு. அப்புறம் அச்சுப் புத்தகத்த திரைக்கடியில தள்ளி, இத நீங்களே வெச்சுகினு யாருக்காவது குடுத்துடுங்கன்னாரு. நான்தான் அத வாசகசாலைக்குக் குடுத்தனுப்பினேன்.

— அப்ப இது… இப்ப என் மடியில இருக்கறது…

— அதேதான்.

— அக்கா, அவரு கடைசியா என்ன சொல்லிட்டு இதத் தள்ளினாரு? வார்த்தைய மாத்தாம சொல்லுங்க.

— ‘இது கடைக்காரன் புத்தகம்க்கா, எனக்கு வேணாம். நீங்க தச்சதுதான் நம்ம புத்தகம்’னாரு.